ஏற்காட்டில் நடக்கப் போறீங்களா? முதலில் பாதை, அப்புறம் படுக்கை

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் வண்டியை எடுத்து, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, பக்கோடா பாயிண்டில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிற இடம். மேலே ரூம் போட்டுத் தங்குவதெல்லாம் வெளியூர்க்காரர் வேலை என்று ஒரு நினைப்பு. நடப்பதற்காக ஏறுகிறவர்களுக்கு அது சரிப்படாது. காலை ஆறு மணிக்குச் சேர்வராயன் கோவில் மேட்டில் பனிக்குள் நிற்க ஆசைப்பட்டால், விடியுமுன் சேலம் அஸ்தம்பட்டியில் கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டில் ஏற வேண்டும். அதற்கு முந்தின ராத்திரி மேலேயே படுத்துவிடலாம்.

எங்கே படுப்பது என்பதுதான் இந்தப் பதிவு. செயலியைத் திறந்து தேதி போட்டுப் பணம் கட்டுவது எப்படி என்று நான் விளக்கப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். குடில், கூடாரம், எஸ்டேட் பங்களா, லாட்ஜ் என்று நூறு படங்கள் வந்து விழும்போது நடைக்கு உதவுவது எது, படம் எடுக்க மட்டும் உதவுவது எது என்று பிரிப்பதில்தான் முதன்முறை போகிறவர்கள் திணறுகிறார்கள்.

படி 1: எங்கே நடக்கப் போகிறீர்கள்?

அறைப் படங்களை மூடி வையுங்கள். முதலில் பாதை முடிவாகட்டும்.

ஏரி, லேடீஸ் சீட், கிளியூர் அருவி என்று ஊரை ஒட்டி நடப்பதாக இருந்தால் ரொம்ப யோசிக்க வேண்டாம். ஏரிக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு சுத்தமான அறை போதும். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு அங்கேதான் இருக்கிறது. ஆடம்பரம் கிடையாது, இடம் அருமை. சாயங்காலம் லேடீஸ் சீட் வரை நடந்து போய், கீழே சேலம் விளக்கேற்றிக்கொள்வதைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பலாம். கிளியூருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அந்த அருவி. மழையில்லாத மாதத்தில் படி இறங்கினால் பாறையைப் பார்த்துவிட்டு ஏற வேண்டியதுதான்.

இரண்டாவது, சேர்வராயன் கோவில் பக்கம். 1,623 மீட்டர், இந்த மலைத்தொடரிலேயே உயர்ந்த இடம். குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். வெளியே வந்தால் மொட்டையான புல்வெளி, நிற்க விடாத காற்று. டவுனிலிருந்து நடந்தே போகலாம், வழியில் கரடி குகையும் வந்துவிடும். இதற்கும் டவுனில் தங்குவதே வசதி. கோவில் பக்கம் வளைவில் ஒரு காட்டேஜ் கிடைத்தால் அதிகாலையில் அரைமணி நேரம் மிச்சம், அவ்வளவுதான்.

மூன்றாவது, லூப் ரோடு. காபித் தோட்டங்களுக்குள் சுற்றி வரும் 32 கிலோமீட்டர் சாலை. வண்டி குறைவு, சில்வர் ஓக் நிழல், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. என்னைக் கேட்டால் ஏற்காட்டின் நிஜமான நடை இதுதான். ஆனால் புதிதாக நடப்பவர் ஒரே நாளில் 32 கிலோமீட்டரை முடிக்கக் கூடாது. முடித்தாலும் மறுநாள் படி இறங்க முடியாது. இதை இரண்டாக வெட்டி, நடுவில் ஏதாவது உள்கிராமத்தில் தங்க வேண்டும். குடில், கூடாரம் என்ற பேச்சுக்கெல்லாம் இங்கேதான் அர்த்தம் வருகிறது.

நான்காவது, காட்டுக்குள் போகும் பாதைகள். இதில் சொந்த இஷ்டம் செல்லாது. 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்தது. சேலம் மாவட்டத்துப் பாதைகளும் அதில் உண்டு. இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போய் வர வேண்டும். காட்டுத்தீ பருவத்தில் மூடிவிடுவார்கள். “எங்க கேம்ப் பின்னாடியே காடு சார், நைட்டு கூட்டிட்டுப் போறோம்” என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போவது குற்றம். மாட்டினால் கேஸ் உங்கள் மேலேயும் சேர்ந்துதான்.

படி 2: ‘ஏற்காடு’ என்று போட்டிருப்பது எந்த ஏற்காடு?

இந்தப் படியில்தான் நான் நன்றாக மாட்டினேன். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடச் செயலிகளில் ஏற்காடு என்று தேடினால் அடிவாரத்தில் இருப்பது, பாதி மலையில் இருப்பது, மலைக்கு இன்னொரு வழியான குப்பனூர் பக்கம் இருப்பது எல்லாமே ஏற்காடு என்ற பெயரில்தான் வரும். படத்தில் பச்சை தெரியும், பின்னால் மலை தெரியும். அந்த மலைக்கு மேலேதான் நாம் போக வேண்டியிருந்தது என்பது அங்கே போய் இறங்கினால்தான் புரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி உயரம் பார்ப்பது. உரிமையாளருக்கு போன் போட்டு, “வாட்ஸப்பில் லொகேஷன் அனுப்புங்க” என்று கேளுங்கள். செயலி காட்டும் வட்டத்தை நம்பாதீர்கள்; பணம் கட்டும் வரை பல செயலிகள் தோராயமான இடத்தைத்தான் காட்டும். வந்த புள்ளியை கூகுள் எர்த்தில் போட்டால் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அங்கேயே காட்டும். கூகுள் மேப்ஸை விட நடைக்கு எனக்குப் பிடித்தது ஓஸ்மேண்ட் என்ற வரைபடச் செயலி. சமஉயரக் கோடுகளை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் மேடு பள்ளம் தெரியும். எஸ்டேட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகள் கூட சில இடங்களில் இருக்கும்.

இப்போது கணக்கைப் போடுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். சேலம் ஏறக்குறைய 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு டவுன் 1,500 மீட்டரில். ஆக டவுனில் சேலத்தை விட எட்டு டிகிரி குறைவு. அதே கணக்கில் 700 மீட்டரில் இருக்கும் ‘ஹில் ரிசார்ட்’டில் மூன்று டிகிரி கூடக் குறையாது. ஏப்ரலில் சேலம் கொதிக்கும்போது அந்த மூன்று டிகிரிக்கு அவ்வளவு வாடகையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

உயரம் சரி என்றால் அடுத்து கடைசி ஒரு கிலோமீட்டர். “டவுனிலிருந்து 4 கி.மீ.” என்று விளம்பரத்தில் இருக்கும். அது காக்கை பறக்கும் தூரம். மலையில் காக்கை வழி நமக்கு உதவாது. நான் போன அந்த இடத்துக்குச் சாலை வழியாக ஒன்பது கிலோமீட்டர் வந்தது, அதிலும் கடைசி இரண்டு எஸ்டேட் பாதை. சக்கரம் போகும் இரண்டு கோட்டில் மட்டும் சிமெண்ட் போட்டு நடுவில் கல்லை விட்டிருந்தார்கள். காரின் அடிவயிறு ஒவ்வொரு திருப்பத்திலும் உரசிக்கொண்டே வந்தது. அதையும் தாண்டி உள்ளே போனால் இரும்பு கேட், பூட்டு. மணி ஏழுதான் இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் சாக்கை மடித்துப் போர்த்திய ஒரு பெரியவர் டார்ச்சோடு வந்தார்.

“கெஸ்ட் ஹவுஸ்ல புக் பண்ணிருக்கோங்க ஐயா.”

“அது உள்ள ரெண்டு தோட்டந்தாண்டி சாமி. இது வேற மொதலாளி கேட்டு. ரைட்டர் சொன்னாத்தான் தொறப்பேன்.”

“ரைட்டர் நம்பர் குடுங்க.”

“இங்க டவர் எடுக்காது சாமி.”

(ரைட்டர் என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை.) விஷயம் என்னவென்றால், பல எஸ்டேட் குடில்களுக்குச் சொந்தப் பாதை கிடையாது. பக்கத்துத் தோட்டக்காரரின் தயவில் அவர் கேட் வழியாகத்தான் போய்வர வேண்டும், அதுவும் அவர் வைத்த நேரத்துக்குள். விளம்பரத்தில் இதை யாரும் போட மாட்டார்கள். எனவே இந்த மூன்றையும் கேட்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்: கடைசிப் பாதையில் என் கார் வருமா, இல்லை ஜீப் வைக்க வேண்டுமா? ஜீப் என்றால் காசு யார் தருவது? வழியில் கேட் இருக்கிறதா, எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள்? கடைசிக் கேள்வி நடப்பவர்களுக்கு உயிர்க்கேள்வி. ஏழு மணிக்குத்தான் கேட் திறக்கும் என்றால் விடியற்காலை நடை அன்றைக்கு இல்லை.

கார் விஷயத்தில் பொதுவாக “வரும் சார்” என்றுதான் பதில் வரும். “ஸ்விஃப்ட் வருமா, யாராவது வந்திருக்காங்களா?” என்று பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

படி 3: கூடாரமா, குடிலா, வீடா

முதலில் ‘கேம்பிங்’ என்ற பெயரில் நடக்கிற கூத்தைச் சொல்லிவிடுகிறேன். புல்தரையில் வரிசையாக இருபது கூடாரம், நடுவில் தீ, ஓரத்தில் ஸ்பீக்கர், ராத்திரி ஒரு மணி வரை குத்துப்பாட்டு. நண்பர்களோடு கும்மாளத்துக்குப் போகிறவர்களுக்கு அது சரி. காலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடக்க வேண்டியவருக்கு அது தண்டனை. விமர்சனங்களில் “செம வைப்” என்று எழுதியிருந்தால் நான் அந்தப் பக்கமே போவதில்லை.

அமைதியான இடமாகக் கிடைத்து, கூடாரமே வேண்டும் என்றால், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலுறை தரை வரை இறங்கியிருக்கிறதா, இல்லை தலையில் தொப்பி போட்ட மாதிரி பாதியோடு நிற்கிறதா? பாதி உறை என்றால் சாரல் பக்கவாட்டில் அடிக்கும்போது உள்ளே நனையும். ஒற்றை அடுக்குக் கூடாரத்தில் மழையே வேண்டாம், நாம் விடுகிற மூச்சே விடிகாலையில் துணியின் உட்புறம் முத்து முத்தாகக் கோர்த்து முகத்தில் சொட்டும். சொந்தமாக வாங்குவதாக இருந்தால் இரண்டு அடுக்குள்ள, இரண்டு ஆள் கூடாரமாக வாங்குங்கள். இரண்டு ஆள் என்று போட்டிருந்தால் ஒரு ஆளும் பையும் என்று படித்துக்கொள்ள வேண்டும்.

போர்வையை விடக் கீழே விரிப்பது முக்கியம். குளிர் மேலேயிருந்து வருவதை விடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். கேம்ப்காரர் இரண்டு கம்பளி தருவார், விரிப்புக்கு ஒரு மெல்லிய ஸ்பாஞ்ச்தான் போட்டிருப்பார். ஒரு கம்பளியைக் கீழே போட்டுக்கொள்ளுங்கள்.

கூடாரம் நிற்கிற இடத்தையும் கவனியுங்கள். பள்ளமும் ஓடைக்கரையும் படத்தில் அழகாக இருக்கும். ராத்திரியில் குளிர்காற்று கனத்துச் சரிந்து பள்ளத்தில்தான் தேங்கும். கொஞ்சம் மேட்டில், காற்றுக்கு முதுகு காட்டின இடம் நல்லது. தலைக்கு மேலே என்ன மரம் என்றும் பாருங்கள். சில்வர் ஓக் கிளை காற்றுக்குப் பட்டென்று முறியும். பலா மரமென்றால் பழக்காலத்தில் அடியில் படுக்கவே கூடாது; காய் விழும் என்பது ஒரு பயம், பழ வாசத்துக்கு வருகிற விலங்குகள் இன்னொரு பயம். சேர்வராயன் மலையில் யானை கிடையாது, ஆனால் காட்டெருமை உண்டு. சாயங்காலம் காபிச் செடிகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு பாறை தெரிந்து, அந்தப் பாறை நகர்ந்தால், டார்ச் அடிக்காமல், கத்தாமல், வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். செல்ஃபிக்குப் போனவர்கள் கதையை அங்கே டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம்.

முக்கோண மரக்குடில் இப்போது எல்லா இடத்திலும் முளைத்திருக்கிறது. மழை பெய்தால் தகரக்கூரை தூங்க விடாது. மத்தியானம் மச்சு அடுப்பாகக் காயும். மரத்துமேல் வீடு எனக்கு ஆகவே ஆகாது. கழிப்பறை கீழே இருக்கும், ஏணி ஈரமாக இருக்கும், மணி ராத்திரி இரண்டாக இருக்கும்.

என் ஓட்டு பழைய எஸ்டேட் வீடுகளுக்குத்தான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் கட்டிக்கொண்டே வந்த வீடுகள், அதன் சாயலில் பிறகு கட்டியவை. கனத்த சுவர், ஓட்டுக்கூரை, ஈரச் சட்டையைக் காயப்போட நீளமான தாழ்வாரம். மழையில் நனைந்து வருகிறவனுக்கு தாழ்வாரத்தை விடப் பெரிய வசதி கிடையாது. குடும்பமாகப் போனால் ஆளுக்குப் பங்கிட்டு வாடகையும் கட்டுப்படியாகும். உள்கிராமங்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்தவர் இல்லை, இந்த மலைக்காரர்கள்) வீட்டு மாடியில் அறை விடுவதும் ஆங்காங்கே உண்டு. கேட்டால் ராகிக்களியும் கீரையும் செய்து தருவார்கள். அங்கே போகும்போது கையில் ரொக்கம் இருக்கட்டும்.

படி 4: பேசுங்கள், டைப் அடிக்காதீர்கள்

செயலியில் கேள்வி அனுப்பினால் சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருப்பவர் பதில் போடுவார். இடத்தில் இருக்கும் ஆளோடு ஐந்து நிமிடம் பேச வேண்டும். “அண்ணா, காலைல ஆறு மணிக்கு டீ கிடைக்குமா?” என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். ஆறு மணிக்கு டீ போடுகிற இடத்தில் மற்றதெல்லாம் தானாகச் சரியாக இருக்கும். எட்டரைக்குத்தான் டிபன் என்றால், மதியத்துக்குப் புளிசாதமோ தயிர்சாதமோ கட்டித் தருவார்களா என்று கேளுங்கள். லூப் ரோட்டில் நீண்ட தூரத்துக்குக் கடையே வராது. (சேலத்திலிருந்து தட்டுவடை செட் கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள், சட்னி ஊறி நமத்துவிடும். பொரியும் கடலையும் போதும்.)

சுடுதண்ணீர் சோலாரா, கெய்சரா என்பது அடுத்த கேள்வி. சோலார் என்றால் மூடுபனி நாளில் பச்சைத்தண்ணீர்தான். கோடையில் போனால் தண்ணீரே லாரியில் வருகிறதா என்று விசாரியுங்கள். பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், நீங்கள் நடந்து திரும்ப இரண்டு ஆகும். பையை வைத்துவிட்டுப் போகவும், வந்து முகம் கை கால் கழுவவும் விடுவார்களா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். எல்லாக் கேள்விக்கும் “எல்லாம் இருக்கு சார், நீங்க வாங்க” என்றே பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். “அது இல்லீங்க, ஆனா இது பண்ணித் தரலாம்” என்கிறவரை நம்பலாம்.

படி 5: மாதம்

மே மாதம் வேண்டாம். கோடை விழா, மலர்க் கண்காட்சி, சேர்வராயன் கோவில் திருவிழா எல்லாம் சேர்ந்து வாடகை எகிறும், மலைப்பாதையில் வண்டி வரிசை நிற்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை: அட்டை, வழுக்கல், சில வருடம் மண்சரிவு. அப்போது மலைப்பாதையில் போக்குவரத்தை நிறுத்தினால் குப்பனூர் வழிதான் கதி, அதனால் கிளம்பும் அன்று காலை விசாரித்துவிட்டு ஏறுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நடைக்கு அருமை. காபி பறிக்கிற காலமாதலால் தோட்டத்துக்குள் ஆள் நடமாட்டம் இருக்கும், வழி கேட்கலாம். பழத்தில் கை வைக்காதீர்கள். கோடை மழை ஒன்று விழுந்த பிறகு காபி பூக்கும் சில நாட்கள் உண்டு. மல்லிகை மாதிரி வாசம், தோட்டம் முழுக்க வெள்ளை. தேதி சொல்ல முடியாது, மழைதான் தீர்மானிக்கும். எஸ்டேட் ஆள் யாராவது பழக்கமானால் போன் பண்ணச் சொல்லி வையுங்கள்.

குளிர் மாதத்தில் ஒன்றே ஒன்று: பார்பிக்யூ அடுப்பையோ கரிக் கங்கையோ சூட்டுக்காக அறைக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் வைக்கவே கூடாது. கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். கேம்ப்காரரே கொண்டுவந்து வைத்தாலும் வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

சேர்த்தது: பெண்கள் மட்டும் போவதென்றால்

தோழிகளாகப் போகும் சிலர் கேட்டிருந்தார்கள். கூடாரம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், கழிப்பறை எத்தனை அடி தூரம், வழியில் விளக்கு இருக்கிறதா, பெண்களுக்குத் தனியா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இடத்தைப் பார்த்துக்கொள்பவர் குடும்பத்தோடு அங்கேயே இருக்கிறாரா என்பதும் முக்கியம். அறை என்றால் உள்தாழ்ப்பாளின் படத்தை வாட்ஸப்பில் கேட்கத் தயங்காதீர்கள். ஒரிஜினல் ஆதாரை எல்லாரும் கொண்டு போங்கள், ஒருவரிடம் இல்லையென்றாலும் சில இடங்களில் அறை தர மாட்டார்கள்.

இன்னொன்று: கடலோர மலைக்கும் இதே கணக்கா?

கர்நாடகக் கடலோரத்தில் இருக்கும் கோகர்ணாவுக்குப் போகும் ஒரு தம்பி கேட்டார். ஏற்காடு கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது, கடல் இங்கிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது, அதனால் கணக்கு மாறும். குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று குன்றும் கடற்கரையுமாக மாறி மாறிப் போகிற அந்தப் பாதையில் உயரம் பொருட்டே இல்லை. அங்கே பார்க்க வேண்டியது அலைக்கோடு. மணலில் காய்ந்த பாசியும் குச்சியும் வரிசையாகக் கிடக்கும். கடைசியாக ஏறிய அலை அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் மேலே வரும். கூடாரத்தை அதற்கு நன்றாக மேலே தள்ளி, அனுமதி உள்ள இடமாகப் பார்த்துப் போடுங்கள். உப்புக்காற்றில் இரும்பு ஜிப் இறுகிப்போகும், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். மழைக்காலமும் அங்கே வேறு: ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, கடற்கரைக் குடில்கள் பலவும் மூடியிருக்கும். ஆனால் இரண்டாம் படியில் சொன்ன கடைசிக் கிலோமீட்டர் கேள்வி அங்கேயும் அப்படியே செல்லும். பாதி இடங்களுக்குப் படகிலோ நடந்தோதான் போக முடியும், இருட்டிய பிறகு படகுக்காரர் கேட்கிற காசைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.